பழி ஒரு பக்கம், பிழை ஒரு பக்கம்

இறுதியாண்டுத் திட்டப்பணி என்றாலே நம் மாணவர்கள் புதுச் செயலி ஒன்றைச் செய்து காட்டுகிறார்கள். பிறர் எழுதிய நிரலைப் பராமரிப்பதற்கு மதிப்பெண் ஏது? என் ஆதங்கம் இதுதான்.

2008இல் லினக்ஸ் 2.6.27 சோதனைப் பதிப்பை நிறுவிய சிலருடைய கணினிகளில் இன்டெல் ஈத்தர்நெட் சில்லு முடங்கியது. சில்லின் அமைப்பு விவரங்களை வைத்திருக்கும் நினைவகமே சிதைந்திருந்தது. கணினியை அணைத்துப் போட்டும் பயனில்லை. பழி, அந்தச் சில்லை இயக்கும் ‘இ1000இ’ டிரைவர்மீது விழுந்தது. காரணம் பிடிபடும் முன்பே, அந்த நினைவகத்தில் எதுவும் எழுத முடியாதபடி டிரைவரிலேயே பூட்டுப் போட்டார்கள் பராமரிப்பாளர்கள். பிறகுதான் தெரிந்தது: கெர்னலின் இயக்கத்தைத் தடம்பிடிக்கும் எஃப்டிரேஸ் என்ற வேறொரு பகுதி, எழுதக்கூடாத இடத்தில் எழுதியிருக்கிறது!

ஒரு பருவமாவது, பழைய டிரைவர் ஒன்றில் பிழை தேடும் வேலையை மாணவர்களிடம் கொடுத்துப் பார்க்கலாமே.