பள்ளியிலேயே கல்லூரிப் பொருளியல்: அமெரிக்காவின் ஏ.பி. தேர்வால் யாருக்குப் பயன்?

அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் கல்லூரியில் சேரும் முன்பே கல்லூரித் தரத்திலான பாடங்களைப் படித்துத் தேர்வெழுத வழிசெய்வது, 'அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்' எனப்படும் ஏ.பி. திட்டம். 'காலேஜ் போர்டு' என்ற லாப நோக்கற்ற அமைப்பு நடத்தும் இத்திட்டத்தில், மைக்ரோ எகனாமிக்ஸ் எனப்படும் நுண்ணினப் பொருளியல் 1989 முதல் தேர்வுப் பாடமாக இருந்து வருகிறது. இத்தேர்வு இந்தியாவிலும் நடத்தப்படுகிறது.

நல்ல மதிப்பெண் பெற்றால் கல்லூரியில் ஒரு பாடத்தை மீண்டும் படிக்க வேண்டியதில்லை. கட்டணமும் மிச்சமாகும் என்பதே மாணவர்களை ஈர்க்கும் வாக்குறுதி. ஆனால், அந்த வாக்குறுதி எந்த அளவுக்கு நிறைவேறும் என்பதைத் தீர்மானிப்பது தேர்வை நடத்தும் அமைப்பு அல்ல. மாணவர் சேரும் பல்கலைக்கழகமே.

தேர்வின் அமைப்பு

கல்லூரியில் ஒரு பருவத்தில் கற்பிக்கப்படும் அறிமுகப் பாடத்துக்கு இணையானது இது. அடிப்படைக் கருத்துகள், தேவையும் அளிப்பும், உற்பத்திச் செலவும் நிறைவுப் போட்டியும், நிறைகுறைப் போட்டி, உற்பத்திக் காரணிச் சந்தை, சந்தைத் தோல்வியும் அரசின் பங்கும் என ஆறு அலகுகள் உள்ளன.

மே மாதத்தில் நடைபெறும் தேர்வின் நேரம் 2 மணி 10 நிமிடம். முதல் பகுதியில் 60 கொள்குறி வினாக்களுக்கு 70 நிமிடங்களில் விடையளிக்க வேண்டும். மொத்த மதிப்பெண்ணில் மூன்றில் இரண்டு பங்கு இதற்கே. மீதமுள்ள 60 நிமிடங்களில் விரிவாக விடை எழுதும் மூன்று வினாக்கள். வரைபடம் வரைந்து, விலை மாறினால் என்ன நிகழும், வரி விதித்தால் யார் இழப்பர் என்று காரணத்துடன் விளக்க வேண்டும். மனப்பாடம் இங்கு அதிகம் உதவாது. முடிவுகள் 1 முதல் 5 வரையிலான அளவீட்டில் ஜூலையில் வெளியாகின்றன.

மதிப்பெண்ணின் 'விலை'

பொதுவாக 3 என்பது தகுதி மதிப்பெண்ணாகக் கருதப்படுகிறது. இல்லினாய், புளோரிடா உள்ளிட்ட மாநிலங்களில், 3 அல்லது அதற்கு மேல் பெற்றவர்களுக்கு அரசுப் பல்கலைக்கழகங்கள் கிரெடிட் வழங்க வேண்டும் என்பது விதி. இல்லினாய் மாநிலம் 2015-இல் இதற்கெனச் சட்டமே இயற்றியது.

தனியார் கல்வி நிறுவனங்களின் நிலை வேறு. 4 அல்லது 5 மட்டுமே ஏற்கும் பல்கலைக்கழகங்கள் உண்டு. டார்ட்மத் கல்லூரி, 2018-இல் பட்டம் பெறவிருந்த அணியிலிருந்து ஏ.பி. மதிப்பெண்களுக்குக் கிரெடிட் வழங்குவதை நிறுத்தியது. ஆக, ஒரே மதிப்பெண் ஓரிடத்தில் ஒரு பருவக் கட்டணத்தில் ஒரு பகுதியை மிச்சப்படுத்துகிறது. மற்றோரிடத்தில் அதற்குக் கிரெடிட் மதிப்பே இல்லை.

கிரெடிட் கிடைத்தாலும் கவனம் தேவை. ஏ.பி. நுண்ணினப் பொருளியலுக்கு வரைபடங்களும் எளிய கணக்குகளும் போதும்; நுண்கணிதம் தேவையில்லை. பல பல்கலைக்கழகங்களில் அடுத்த நிலைப் பாடம் நுண்கணிதத்தின் அடிப்படையில் அமைந்தது. அறிமுகப் பாடத்தைத் தாண்டிச் செல்லும் மாணவர் அங்கே தடுமாற நேரிடலாம்.

வாய்ப்பு யாருக்கு?

2025-இல் அமெரிக்காவில் ஒரு தேர்வுக்கான கட்டணம் 99 டாலர். குறைந்த வருவாய்க் குடும்பத்து மாணவர்களுக்கு 37 டாலர் சலுகை உண்டு. தனியார் பல்கலைக்கழகத்தில் ஒரு பாடத்துக்கான கட்டணமே ஆயிரக்கணக்கான டாலர் என்பதால், இது லாபகரமான முதலீடாகத் தோன்றும்.

ஆனால், கட்டணத்தைக் காட்டிலும் பெரிய தடை பாடம் கிடைப்பதுதான். பொருளியல் கற்பிக்கும் ஆசிரியர் இல்லாத சிறிய, ஊரகப் பள்ளிகளில் இப்பாடம் நடத்தப்படுவதில்லை. வகுப்பில் சேராமல் தாமாகப் படித்தும் தேர்வெழுதலாம் என்று விதி அனுமதித்தாலும், அதற்கான வழிகாட்டுதல் வசதியான குடும்பங்களுக்கே எளிதில் வாய்க்கிறது. கட்டணச் சேமிப்பு அதிகம் தேவைப்படும் மாணவருக்கே அது எட்டாமல் போகிறது.

மறுபுறம், வாஷிங்டன் பகுதியைச் சேர்ந்த எட்டுத் தனியார் பள்ளிகள் ஏ.பி. வகுப்புகளை 2022-க்குள் கைவிடுவதாக 2018-இல் அறிவித்தன. தங்கள் பெயரே பரிந்துரையாக அமையும் பள்ளிகளுக்கு அது இயலும். அறியப்படாத ஊரின் அரசுப் பள்ளி மாணவருக்கோ, தன் திறனை வெளியுலகுக்குக் காட்டும் சில சான்றுகளில் ஏ.பி. மதிப்பெண்ணும் ஒன்று.

இந்தியாவுக்கான பாடம்

சி.பி.எஸ்.இ. 11-ஆம் வகுப்பிலேயே நுண்ணினப் பொருளியல் கற்பிக்கப்படுகிறது. இருப்பினும், பி.ஏ. பொருளியலில் சேரும் மாணவர் தேவை, அளிப்பு விதிகளிலிருந்தே மீண்டும் தொடங்குகிறார். பள்ளி முதல் முனைவர் பட்டம் வரையிலான கற்றலைக் கிரெடிட்களாகக் கணக்கிட 2023-இல் வெளியான தேசியக் கிரெடிட் கட்டமைப்பு வகைசெய்கிறது. அமெரிக்க அனுபவம் இங்கு கவனிக்கத்தக்கது: கிரெடிட்டை வழங்குவது எளிது, அதை ஏற்கும் கடமையைப் பல்கலைக்கழகங்களுக்கு விதித்தால்தான் அது மாணவருக்குப் பயன்படும்.

இந்தியாவிலிருந்து ஏ.பி. தேர்வெழுத எண்ணும் மாணவர்களுக்கும் இது பொருந்தும். அமெரிக்காவுக்கு வெளியே தேர்வுக் கட்டணம் அதிகம். விண்ணப்பிக்கும் முன், சேர விரும்பும் பல்கலைக்கழகம் எந்த மதிப்பெண்ணை, எந்தப் பாடத்துக்கு ஈடாக ஏற்கிறது என்பதை அறிந்துகொள்வது நல்லது. ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது கைவிடும் மற்றொன்றின் மதிப்பே வாய்ப்புச் செலவு என்பது இப்பாடத்தின் முதல் அலகிலேயே இடம்பெறும் கருத்து. அதைத் தேர்வு எழுதுவதற்கு முன்பே பயன்படுத்த வேண்டியிருக்கிறது.