எந்தக் கம்பைலர் என்று முதல் வரியிலேயே சொல்லுங்கள்



செய்நிரலாக்கக் கட்டுரைகள் வெளியிடும் சஞ்சிகைகள் எல்லாம் ஒரே கம்பைலரைத்தான் பயன்படுத்த வேண்டும் என்கிறார்கள் சிலர். ராகலைப் பக்கத்தில் பிள்ளைகளுக்குக் கணினிப் பாடம் எடுக்கும் எங்களுக்கும் இதில் சொல்ல ஒன்று இருக்கிறது.

அந்தக் கருத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. தமிழில் கிடைக்கும் பழைய சி++ பாடங்கள் பல டர்போ சி++ஐ வைத்து எழுதப்பட்டவை. அது வந்தது 1990இல். சி++ மொழிக்குச் சர்வதேச நியமம் வந்ததோ 1998இல். அந்தப் பாடங்களின் முதல் வரியில் வரும் 'ஐஓஸ்ட்ரீம்.எச்' என்ற கோப்பு இன்றைய ஜிசிசி கம்பைலரில் இல்லை. செய்நிரல் அந்த வரியிலேயே நின்றுவிடும்.

ஆனால் ஒரே கம்பைலர் என்று முடிவெடுத்தால் மட்டும் பிரச்சினை தீராது. சாதாரண தரப் பிள்ளைகள் படிக்கும் பாஸ்கலையே பாருங்கள். 'இன்டிஜர்' மாறி ஒன்றில் 200ஐ இட்டு, அதை அதனாலேயே பெருக்கி, விடையை இன்னொரு 'இன்டிஜர்' மாறியில் இடுங்கள். ஃப்ரீ பாஸ்கலின் வழமையான அமைப்பில் -25536 என்று வரும். அங்கே அந்த மாறி 32,767 வரைதான் தாங்கும். லாசரஸில் புதிதாகத் திறக்கும் செயற்றிட்டத்தில் 40000 என்று சரியாக வரும். இரண்டுக்கும் உள்ளே இருப்பது அதே ஃப்ரீ பாஸ்கல்தான். அமைப்பு மட்டுமே வேறு.

உயர்தரத்துப் பைதனும் அப்படித்தான். 7ஐ 2ஆல் வகுத்தால் பைதன் 2 கொடுக்கும் விடை 3. பைதன் 3 கொடுப்பது 3.5.

ஆகவே சஞ்சிகை ஆசிரியர்களிடம் நாங்கள் கேட்பது மூன்றே விடயங்கள்.

1. கம்பைலரின் பெயர், பதிப்பு, அமைப்பு மூன்றையும் கட்டுரையின் தலைப்புக்குக் கீழேயே போடுங்கள்.

2. ஒரு கம்பைலருக்கு மட்டுமே உரிய வசதிகளைத் தவிர்த்து, மொழியின் நியமத்துக்குள் எழுதுங்கள். தவிர்க்க முடியாவிட்டால் அந்த இடத்திலேயே சொல்லிவிடுங்கள்.

3. இலவசமாகக் கிடைப்பதாகவும், பழைய கணினியில், இணையம் இல்லாமல் ஓடுவதாகவும் உள்ள ஒன்றில் ஓட்டிப் பார்த்த பிறகே அச்சிடுங்கள்.

நகரத்துப் பிள்ளைக்குப் பிழைச் செய்தி வந்தால் கேட்பதற்கு டியூஷன் சேர் இருப்பார், படித்த அண்ணா இருப்பார். தோட்டத்து லயத்தில் இருக்கும் பிள்ளைக்கு அந்தக் கட்டுரைதான் ஆசிரியர். அச்சில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து அடித்தும் ஓடாவிட்டால், சஞ்சிகையில் பிழை என்று அந்தப் பிள்ளை நினைக்காது. "எனக்கு இது சரிவராது" என்றுதான் முடிவெடுக்கும். பாடத்தைக் கைவிடுவதும் அப்போதுதான்.

ஒரு வரி கூடுதலாக எழுதினால் அந்த முடிவைத் தடுக்கலாம். எழுதுகிறவர்கள் கொஞ்சம் யோசியுங்கள்.