சீட்டைச் சுத்தினா சோறு கிடைக்குமா?

சீட்டுக்கட்டு என்று சொன்னதுமே உங்கள் முகம் மாறுகிறது. திண்ணையில் பனியனோடு உட்கார்ந்து ஆடும் கும்பல், வளையலை அடகு வைத்துவிட்டு வந்த பெரியப்பா, கிளப்பில் போலீஸ் ரெய்டு... எல்லாம் வரிசையாகக் கண் முன்னால் வந்து போகிறதல்லவா? கொஞ்சம் பொறுங்கள். நான் சொல்ல வந்த சீட்டில் பணம் கிடையாது. ஜெயிக்கிறவன், தோற்கிறவன் கிடையாது. எதிரே உட்கார ஆள்கூட வேண்டாம்.

கார்டிஸ்ட்ரி என்று அதற்குப் பெயர். கார்டு, ஆர்டிஸ்ட்ரி என்ற இரண்டு வார்த்தைகளை ஒட்டவைத்த பெயர். சீட்டுக்கட்டை இரண்டாக, நான்காக, ஆறாகப் பிரித்து விரல் இடுக்குகளில் நிறுத்துவது, விசிறி மாதிரி விரிப்பது, ஒற்றைச் சீட்டை விரல் நுனியில் சுழற்றுவது, ஒரு கையிலிருந்து பறக்கவிட்டு இன்னொரு கையில் பிடிப்பது. மேஜிக்காரர் எதையோ மறைத்துவிட்டு நம்மை அசத்துகிறார். இவர்கள் எதையும் மறைப்பதில்லை. அத்தனையும் உங்கள் கண் எதிரேதான் நடக்கிறது. அப்படியும் அசந்துபோகிறோம்.

உங்கள் வீட்டுப் பையனோ பக்கத்து வீட்டுப் பெண்ணோ செல்போனில் வீடியோ பார்த்து இதைப் பழக ஆரம்பித்திருக்கலாம். அப்போது நீங்கள் கேட்கப் போகிற கேள்வியும் எனக்குத் தெரியும். "இதனால என்ன பிரயோஜனம்?"

அந்தக் கேள்வியோடுதான் எனக்குச் சண்டை.

சண்டைக்கு முன்னால் ஒரு சின்ன சோதனை. வீட்டில் சீட்டுக்கட்டு இருந்தால் எடுங்கள். உள்ளங்கையில் படாமல், ஒரே கையின் விரல் நுனிகளில் கட்டை ஏந்திப் பிடியுங்கள். கட்டைவிரலைக் கொஞ்சம் தளர்த்தினால் கீழ்ப்பாதி உள்ளங்கையில் விழும். ஆள்காட்டி விரலை அடியில் கொடுத்து, விழுந்த பாதியின் ஓரத்தைக் கட்டைவிரல் பக்கமாக நிமிர்த்துங்கள். அது மேல்பாதியைத் தாண்டியதும் மேல்பாதி கீழே சரியும். மூடிவிடுங்கள். அடியில் இருந்தது மேலே வந்துவிட்டது. சார்லியர் கட் என்று பெயர். 19-ம் நூற்றாண்டு மேஜிக்காரர்களுக்கே தெரிந்த வித்தை. இந்தக் கலையில் இதுதான் அரிச்சுவடி.

என்ன, 52 சீட்டும் சோபாவுக்கு அடியில் போய்விட்டதா? அதனால்தான் பழகுகிறவர்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு பழகுகிறார்கள். மெத்தையில் விழுந்தால் குனிந்து குனிந்து பொறுக்க வேண்டாம். ஒற்றைச் சீட்டைச் சுழற்றுவது பார்க்க இன்னும் சுலபம். எதிரெதிர் மூலைகளை இரண்டு விரல்கள் லேசாகப் பிடித்திருக்க, மூன்றாவது விரல் ஓரத்தைத் தட்டினால் போதும், சீட்டு சுழலும். அந்த 'லேசாக' என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அழுத்தினால் சுழலாது, விட்டால் விழும். நடுவில் இருக்கும் அந்தப் பிடி எவ்வளவு என்று எந்தப் புத்தகமும் சொல்லித்தர முடியாது. விரலே கண்டுபிடித்தாக வேண்டும்.

1992-ல் கிறிஸ் கென்னர் என்ற அமெரிக்க மேஜிக் கலைஞர் ஒரு புத்தகம் போட்டார். அதில் 'சிபில்' என்று ஒரு வெட்டு. இரண்டு கைகளுக்கு நடுவே கட்டு பல துண்டுகளாகப் பிரிந்து நிற்கும். அதைப் படம் பார்த்துப் பார்த்துப் பழகினார்கள். 2004-லும் 2007-லும் கலிபோர்னியாவின் டான், டேவ் பக் என்ற இரட்டையர் டி.வி.டி. வெளியிட்டார்கள். நிறுத்தி நிறுத்திப் பார்த்துப் பழகினார்கள். பிறகு சிங்கப்பூரிலிருந்து 'விர்ட்ஸ்' என்ற இளைஞர் குழுவின் வீடியோக்கள் உலகம் முழுக்கப் பரவின. 2014-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் இதற்கென்றே ஒரு மாநாடு கூடியது. புத்தகம் போய் டி.வி.டி. வந்தது, டி.வி.டி. போய் செல்போன் வந்தது. சீட்டு கீழே விழுவது மட்டும் மாறவில்லை. அதற்கு இன்னும் யாரும் குறுக்கு வழி கண்டுபிடிக்கவில்லை.

இப்போது பிரயோஜனத்துக்கு வருவோம். இந்த இடத்தில் சில நல்லவர்கள் குறுக்கே வந்து, "அப்படிச் சொல்லாதீங்க சார், மூளை வளரும், ஞாபகசக்தி கூடும், கணக்குல மார்க் ஏறும்" என்று வக்காலத்து வாங்குவார்கள். தயவுசெய்து வேண்டாம். செஸ்ஸுக்கும் அதைத்தான் சொன்னீர்கள், கீபோர்டு கிளாசுக்கும் அதைத்தான் சொன்னீர்கள். கடைசியில் அந்தக் குழந்தைக்கு செஸ்ஸும் இல்லை, சங்கீதமும் இல்லை, சர்டிபிகேட்தான் மிச்சம். எதைச் செய்தாலும் மார்க்கில் கொண்டுபோய் முட்டவைக்கிற இந்த வியாதிக்கு இன்னொரு விளையாட்டையும் பலி கொடுக்காதீர்கள்.

நானும் பி.காம்.தான். வரவு செலவு போடத் தெரியும். போட்டே காட்டுகிறேன். செலவு: ஒரு சீட்டுக்கட்டு. வழுக்கும் பிளாஸ்டிக் சீட்டு இதற்கு அவ்வளவாகச் சரிப்படாது. மேற்பரப்பில் பொடிப்பொடிக் குழிகள் போட்ட காகிதச் சீட்டு வேண்டும். அந்தக் குழிகளில் காற்று தங்குவதால் சீட்டோடு சீட்டு ஒட்டாமல் வழுகும். நம் ஊர்ப் புழுக்கத்துக்கும் கை வியர்வைக்கும் அதுவும் சீக்கிரம் உப்பிவிடும். தேய்மானம் நூறு சதவிகிதம். வரவு: பூஜ்யம். சந்தேகமே இல்லை, நஷ்டக் கணக்குதான்.

இதே சீட்டுக்கட்டில் லாபம் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள், அதையும் பாருங்கள். லாஸ் வேகஸ் பக்கம் ஜெர்ரீஸ் நக்கட் என்று ஒரு சூதாட்ட விடுதி. 1970-ல் அவர்களுக்காக அச்சடித்த சீட்டுக்கட்டுகள் பின்னாளில் அங்கேயே பரிசுப் பொருள் கடையில் சில்லறைக் காசுக்கு விற்றன. வித்தைக்காரர்கள் புகழ்ந்த பிறகு ஒரு கட்டுக்கு நூற்றுக்கணக்கான டாலர் விலை ஏறியது. ஒரே நிபந்தனை, பிரித்திருக்கக் கூடாது. விரல் பட்டால் விலை போச்சு! விரலுக்காகவே செய்த பொருளை விரலிடமிருந்து காப்பாற்றிக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறான் மனிதன். அதற்குப் பெயர் முதலீடாம். அந்த முதலீட்டாளரிடம் யாராவது "என்ன பிரயோஜனம்?" என்று கேட்டிருக்கிறோமா? அழுக்கேறி, முனை மடங்கி, செத்துப்போன கட்டை வைத்திருக்கிற பையனிடம் மட்டும்தான் கேட்கிறோம். உண்மையில் எந்தக் கட்டு பயன்பட்டது? நீங்களே சொல்லுங்கள்.

இன்னொரு கூத்து. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடுக்க 2025-ல்தான் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. அதுவரை ரம்மி விளம்பரம் நம் வீட்டுக் கூடத்துக்குள் வந்து 'வா, வா' என்று கூப்பிட்டது. பல குடும்பங்கள் அதில் அழிந்தன. அந்த வருஷங்களில் செல்போனுக்குள் சீட்டு ஆடினால் வீட்டில் யாருக்கும் தெரியாது. சத்தம் வராது, காகிதம் தெரியாது. கூடத்தில் நின்று காகிதச் சீட்டைச் சுழற்றினால் மட்டும் 'குடும்பத்துக்கு ஆகாது' என்று கட்டைக் கிழித்துப்போட ஆள் தயார். சூதாட்டம் எதில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாமல், காகிதத்தைப் பிடித்து அடிக்கிறோம்.

பம்பரத்தைச் சாட்டையால் சுண்டி உள்ளங்கையில் ஏற்றிய பையனைப் பார்த்து நம் தெருவே வாயைப் பிளந்தது. 'பம்பரம் விட்டு என்ன சம்பாதிக்கப் போற?' என்று ஒரு ஆள் கேட்டதில்லை. சிலம்பம் சுற்றுகிறவனிடம், 'யாரை அடிக்கப் போற?' என்று கேட்பதுண்டா? ஒரு காரியம் கஷ்டமாக இருக்கிறது, அதைச் சரியாகச் செய்ய வேண்டும் என்று ஒரு பிள்ளை நூறு தடவை குனிந்து எழுகிறது. மார்க் போட ஆள் இல்லை, பரிசு இல்லை, திட்டி மிரட்டிய டீச்சர் இல்லை. தானாகவே செய்கிறது. இந்தக் குணத்தைக் காசு கொடுத்து எந்த கோச்சிங் சென்டரில் வாங்குவீர்கள்?

பாராட்டக்கூட வேண்டாம். அடுத்த தடவை கட்டு சிதறி விழும்போது இரண்டு சீட்டைப் பொறுக்கிக் கொடுங்கள். அதற்கும் மனசு வரவில்லையா? உங்கள் காலுக்கடியில் ஒரு ஸ்பேடு ராணி மாட்டியிருக்கிறாள். காலையாவது எடுங்கள்.