முஸ்தபாவுக்கு எத்தனை கோர் வேணும்?



'முஸ்தபா' கேம் தெரியுமா? தெரியலைன்னா உங்க அண்ணனையோ சித்தப்பாவையோ கேளுங்க. ஸ்கூல் பையைக்கூட இறக்காம, வீடியோ கேம் கடையில காசு போட்டு ஆடின ஆட்டம் அது. நிஜப் பேர் 'கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்'. ஜப்பானின் கேப்காம் 1993-ல் வெளியிட்டது. அவ்வளவு நீளப் பேரை யார் சொல்றது? நாலு ஹீரோக்களில் ஒருத்தரான முஸ்தபா பேரே நம்ம ஊர்ல கேமுக்கும் நிலைச்சுப் போச்சு!

இப்ப எதுக்கு இந்தப் பழங்கதை? செகண்ட் இயர் நண்பர் ஒருத்தர் கேட்டிருக்கார்: "இந்த மாதிரி பழைய ஆர்கேட் கேம்ஸ் எல்லாம் ஓட்ட ஒரு கம்ப்யூட்டர் வாங்கப் போறேன். எட்டு கோர் பிராசசர், பெரிய கிராபிக்ஸ் கார்டுன்னு கடைக்காரர் லிஸ்ட் போட்டுட்டார். பார்ட் டைம் வேலை பார்த்துச் சேர்த்தது பத்தாது. அம்மாவோட சீட்டுப் பணத்தையும் கேட்கலாம்னு இருக்கேன். சரிதானே?"

கொஞ்சம் பொறுங்க பாஸ்! அம்மாகிட்ட வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடி இதைப் படிச்சுடுங்க.

மேடம் இல்லீங்க, மேம்!

இந்த வேலைக்குப் பேர் போன சாஃப்ட்வேர் 'மேம்'. இத்தாலிக்காரர் நிகோலா சல்மோரியா 1997 பிப்ரவரியில் முதல் பதிப்பை வெளியிட்டார். கடையில நின்ன அந்தப் பெரிய பெட்டிக்குள்ள என்னென்ன சிப் இருந்ததோ, அத்தனையும் செய்த வேலையை உங்க கம்ப்யூட்டருக்குள்ள அப்படியே நடிச்சுக் காட்டும். இதைத்தான் எமுலேஷன்னு சொல்றாங்க.

அதனால பிராசசர் வாங்குறதுக்கு முன்னாடி கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'எது லேட்டஸ்ட்?' இல்லை. 'நான் ஆடப்போற கேமோட பெட்டிக்குள்ள என்ன இருந்தது?' என்பதுதான்.

1980-ல் வந்த பேக்-மேன் பெட்டிக்குள்ள இருந்தது சுமார் 3 மெகாஹெர்ட்ஸ் வேகத்துல ஓடுற இசட்80 சிப். 1991-ன் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-ல் மோட்டோரோலா 68000, 10 மெகாஹெர்ட்ஸ். நம்ம முஸ்தபாவில் அதே சிப், 12 மெகாஹெர்ட்ஸ். மெட்டல் ஸ்லக் ஓடின நியோ ஜியோ பெட்டியிலும் அதே கதைதான். இன்னைக்கு சாதாரண பிராசசரே 4,000 மெகாஹெர்ட்ஸைத் தொடுது. பழைய சிப்போட ஒவ்வொரு கட்டளைக்கும் உங்க பிராசசர் பல கட்டளைகளை ஓட்டணும்தான். படம், சத்தம் எல்லாம் தனி வேலை. இருந்தும் இந்த ரகமெல்லாம் அதுக்குப் பொரி உருண்டை! 2016-ல் வந்த ராஸ்பெர்ரி பை 3 என்ற உள்ளங்கை சைஸ் கம்ப்யூட்டரே, பழைய மேம் பதிப்பை வச்சு இதையெல்லாம் ஓட்டிடும்.

எட்டுப் பேர், ஒரே விடைத்தாள்

சரி, கனமான கேம்ஸும் ஆடணும்னா? அப்பவாவது எட்டு கோர் வேணுமா?

ஆர்கேட் பெட்டிக்குள்ள கேமை நடத்துற சிப் ஒண்ணு, சத்தம் போடுற சிப் ஒண்ணுன்னு பல சிப்கள் இருக்கும். இதுங்க எப்பவும் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிட்டே இருக்கும். மேம் என்ன பண்ணுதுன்னா, இந்த சிப்பைக் கொஞ்ச நேரம், அந்த சிப்பைக் கொஞ்ச நேரம்னு மாத்தி மாத்தி ஓட்டும். ஒருத்தர் செய்த கணக்கோட விடை வந்தாதான் அடுத்தவர் ஆரம்பிக்க முடியும். ஒரே விடைத்தாளை எட்டுப் பேர்கிட்ட கொடுத்து எழுதச் சொன்னா என்ன ஆகும்? ஒருத்தர் எழுதுவார், ஏழு பேர் வேடிக்கை பார்ப்பாங்க. அதேதான் இங்கேயும்.

ஆக, உங்களுக்கு வேண்டியது எட்டு சுமாரான கோர் இல்லை. ஒரே ஒரு கில்லாடி கோர்! பிராசசர் விமர்சனங்கள்ல 'சிங்கிள் த்ரெட்' மதிப்பெண்ணு தனியா போடுவாங்க. அதைத்தான் பார்க்கணும். 2011-ல் ஏஎம்டி எட்டு கோர்னு சொல்லி எஃப்எக்ஸ்-8150-ஐ இறக்குச்சு. அதே வருஷம் வந்த இன்டெல் கோர் ஐ5-2500கே-வில் நாலே கோர்தான். ஆனா கோருக்குக் கோர் மோதினா, ஜெயிச்சது நாலு கோர்!

ஜிகாஹெர்ட்ஸ் மயக்கம்

"அப்ப ஜிகாஹெர்ட்ஸ் அதிகமா இருக்கறதை எடுத்துக்கறேன்"னு கிளம்பிடாதீங்க. இன்டெலின் பென்டியம் 4, 3.8 ஜிகாஹெர்ட்ஸ் வரை போச்சு. 2006-ல் கோர் 2 டுவோ வந்தது. அதுல ஈ6600 மாடல் வெறும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ்தான். பென்டியம் 4-ஐ ஓரங்கட்டிடுச்சு! எப்படி? சைக்கிள் மிதிக்கிறோம் இல்லையா... சின்ன கியர்ல எவ்வளவு வேகமா மிதிச்சாலும், பெரிய கியர்ல நிதானமா மிதிக்கிறவன் முன்னாடி போயிடுவான். ஜிகாஹெர்ட்ஸ் சொல்றது மிதிக்கிற வேகத்தை மட்டும்தான். ஒரு மிதிக்கு எவ்வளவு தூரம் போகுதுன்னு அது சொல்லாது. அதனால ஜிகாஹெர்ட்ஸை ஒப்பிடறதா இருந்தா, ஒரே தலைமுறை பிராசசர்களுக்குள்ள மட்டும் ஒப்பிடுங்க.

கிராபிக்ஸ் கார்டு? கேமோட படத்தை உருவாக்குற வேலையையும் மேம் பெரும்பாலும் பிராசசர்லயே முடிச்சுடும். முடிஞ்ச படத்தைத் திரையில காட்டவும், பழைய டிவி மாதிரி கோடு கோடா தெரியவைக்கிற அலங்காரத்துக்கும் மட்டும்தான் கார்டு. பிராசசரோடவே வர்ற கிராபிக்ஸ் தாராளமா போதும். லிஸ்ட்ல முதல்ல அதை அடிங்க!

தாத்தா கேம் தண்ணி காட்டும்

'பழைய கேம்னா லேசு, புது கேம்னா கஷ்டம்' என்று நினைச்சா அதுவும் பாதிதான் சரி. 1972-ல் அடாரி வெளியிட்ட பாங் தெரியும் இல்லையா? ரெண்டு கோடு, ஒரு பந்து. அந்தப் பெட்டிக்குள்ள பிராசசரே கிடையாது! வெறும் லாஜிக் சிப்களால் ஆன சர்க்யூட். அதனால மேம் அந்த சர்க்யூட்டோட ஒவ்வொரு சிக்னலையும் கணக்குப் போட்டு நடிக்கணும். முஸ்தபாவை அசால்ட்டா ஓட்டுற கம்ப்யூட்டர், இந்தத் தாத்தாவுக்குப் பல மடங்கு அதிகமா உழைக்கணும்.

இன்னொரு பக்கம் 1994-ன் கில்லர் இன்ஸ்டிங்ட். 100 மெகாஹெர்ட்ஸ் மிப்ஸ் பிராசசரும் ஒரு ஹார்ட் டிஸ்க்குமா வந்த முரடன். 1996-ன் சான் பிரான்சிஸ்கோ ரஷ், 1998-ன் கான்ட்லெட் லெஜண்ட்ஸ் இதெல்லாம் 3டிஎஃப்எக்ஸ் வூடூ சிப் போட்ட முப்பரிமாண கேம்ஸ். அந்த வூடூ வேலையையும் பிராசசர்தான் செய்யணும். இங்கே மட்டும் மேம் வேலையைச் சில கோர்களுக்குப் பிரிச்சுக் கொடுக்கும். நாலு நல்ல கோர் இருந்தா உதவும். இவங்கதான் உங்க இலக்குன்னா, சமீபத்திய தலைமுறை கோர் ஐ5 அல்லது ரைசன் 5-க்குப் போறதுல நியாயம் இருக்கு.

"இவ்வளவு கஷ்டப்படுத்தணுமா? கொஞ்சம் குத்துமதிப்பா ஓட்டினா என்ன?" நல்ல கேள்வி. மேமோட முதல் நோக்கம் நாம ஆடறது இல்லை. அந்தப் பெட்டிகள் எப்படி வேலை செய்ததுன்னு உள்ளது உள்ளபடி பதிவு பண்றது. ஏன்னா நிஜப் பெட்டிகள் செத்துக்கிட்டே இருக்கு. கேப்காமின் சிபிஎஸ்-2 பலகைகள்ல கேமைத் திறக்கிற ரகசியச் சாவியைக் காப்பாத்தறது ஒரு சின்ன பேட்டரி. பேட்டரி தீர்ந்தா சாவி அழிஞ்சுடும், கேம் நின்னுடும். குத்துமதிப்பா பதிவு பண்ணினா, நாளைக்கு மிஞ்சறதும் குத்துமதிப்பாதானே இருக்கும்?

வாங்கும் முன் ஒரு டெஸ்ட்

ஆர்கேட் கேம்ஸ் நொடிக்குக் கிட்டத்தட்ட 60 படம் காட்டும். ஒரு படத்துக்குக் கிடைக்கிற நேரம் சுமார் 16.7 மில்லி செகண்ட். அதுக்குள்ள பிராசசர் வேலையை முடிக்கலைன்னா சத்தம் கரகரங்கும், ஆட்டம் நொண்டும்.

அதனால நண்பனோட கம்ப்யூட்டர்ல மேமைப் போட்டு, உங்க கேமை ஓட்டிப் பாருங்க. எஃப்11 அழுத்தினா வேகம் சதவீதத்துல தெரியும். எஃப்10 அழுத்தினா வேகக் கட்டுப்பாடு விலகும். அப்ப எவ்வளவு காட்டுதுன்னு பாருங்க. கூட்டமா அடிதடி நடக்கிற இடத்துலகூட 150 சதவீதத்துக்குக் கீழே இறங்கலைன்னா, அந்த பிராசசரே உங்களுக்குப் போதும். லேப்டாப்னா சார்ஜரைச் சொருகிட்டு, அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்க. சூடு ஏறினதும் வேகத்தைக் குறைச்சுக்கிற லேப்டாப் நிறைய.

இன்னொரு விஷயம். மேம் இலவசம். 2016-ல் ஓப்பன் சோர்ஸும் ஆயிடுச்சு. ஆனா கேம்களோட ராம் ஃபைல்களுக்குக் காப்புரிமை உண்டு. கிரிட்லீ, ராபி ரோட்டோ மாதிரி சிலதை மட்டும் உரிமையாளர்களே இலவசமா அனுமதிச்சிருக்காங்க. உங்க டெஸ்டை அதுல ஆரம்பிக்கலாம்.

கேள்வி கேட்ட நண்பரே, உங்க லிஸ்ட்ல இருக்கறது முஸ்தபாவும் ஸ்ட்ரீட் ஃபைட்டரும்தான்னா, 2013-ல் வந்த நாலாம் தலைமுறை கோர் ஐ5 போட்ட பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரே ஜாம் ஜாம்னு ஓட்டும். விண்டோஸ் 11-ன் ஆதரவுப் பட்டியல்ல அது இல்லை. லினக்ஸ் போடுங்க, மேம் அதுலயும் ஓடும். நீங்க சேர்த்த காசுல மிச்சம் பிடிச்சு ஒரு நல்ல ஜாய்ஸ்டிக் வாங்கலாம். கைக்கு அதுதான் தெரியும்!

அம்மாவோட சீட்டுப் பணம்? அது அம்மாகிட்டயே இருக்கட்டும் பாஸ். சனிக்கிழமை சாயங்காலம் அவங்களையும் உட்கார வச்சு, ரெண்டாவது ஜாய்ஸ்டிக்கைக் கையில கொடுங்க. யார் கண்டா, உங்களுக்கு முன்னாடியே டைனோசரைத் தாண்டிடுவாங்க!

அடுத்த வாரம் பார்க்கலாம்... வர்ட்டா?