சல்லடையில் நிற்கும் சரளை

மண் பரிசோதனை நிலையத்துக்கு ஒரு பை மண் வந்ததும் முதல் வேலை, அதை நிழலில் உலர்த்தி, மரச்சுத்தியால் தட்டி, 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலிப்பது. கீழே விழுவதுதான் மண். மேலே நிற்கும் சரளையைக் கொட்டிவிடுவார்கள். நஞ்சை வயலுக்கு இதனால் நட்டமில்லை. அங்கே சரளை சொற்பம். நெய்வேலியின் சுரங்க மண்மேட்டிலிருந்து வரும் பைக்கு இந்தக் கணக்கு சரிவராது. ஒரு கிலோவில் 600 கிராம் சரளை என்று வைத்துக்கொள்வோம். மீதி 400 கிராமில் கரிமச் சத்து 0.5 விழுக்காடு என்று மண்வள அட்டை சொன்னால், மேட்டில் உண்மையில் இருப்பது 0.2தான். தண்ணீரைப் பிடித்துவைக்கும் திறனும் அதே விகிதத்தில் குறையும். அட்டையில் 'நடுத்தரம்' என்று வரும். நிலமோ பட்டினி கிடக்கும்.

சரளை மண்ணை எப்படி அளப்பது என்பது ஆய்வகத்துக்குள் முடிந்துபோகும் சங்கதி அல்ல. கடலூர் மாவட்டத்தில் சுரங்கத்துக்குப் போன நிலம் எந்த நிலையில் திரும்பி வருகிறது என்ற கேள்வியே அதில்தான் நிற்கிறது.

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி ஏறத்தாழ 45 முதல் 100 மீட்டர் ஆழத்தில் படிந்திருக்கிறது. ஒரு டன் எடுக்க ஐந்து கன மீட்டருக்கும் மேல் மண்ணையும் பாறையையும் அகற்ற வேண்டும். ஆண்டுக்கு 2 கோடி டன் என்றால் 10 கோடி கன மீட்டர். 1957இல் நேரு தொடங்கிவைத்த நாளிலிருந்து இப்படி அள்ளியதில் ஒரு பகுதி குழிக்கே திரும்பியது. குழி திறந்த புதிதில் வெளியே கொட்டியது இன்று மலையாக நிற்கிறது. அந்த மலையின் உடம்பு கடலூர் மணற்கல்: மணல், களி, இரும்பேறிய செம்புராங்கல் சரளை. பல லட்சம் ஆண்டுகளாக வெளிச்சம் படாமல் கிடந்த பொருள் அது. வேர் கண்டதில்லை, மண்புழு கண்டதில்லை. முந்திரியும் பலாவும் விளைந்த செம்மண் மேலே ஒரு மெல்லிய போர்வையாகத்தான் இருந்தது. அதைத் தனியே எடுத்துவைத்து, கடைசியில் மேலே பரப்பினால் பிழைக்கும். இல்லாவிட்டால் பக்கெட் வீல் இயந்திரம் அள்ளி, கன்வேயர் பெல்ட்டில் ஏறி, ஸ்ப்ரெடர் கொட்டும் வழியில் அது அடியாழத்தில் புதைந்துவிடும்.

மழைக்குப் பிறகு இத்தகைய ஒரு மேட்டின் சரிவைப் பார்த்தால் புரியும். சிவப்பும் வெளிர்மஞ்சளும் வெள்ளைக் களியும் திட்டுத்திட்டாக இருக்கும். துளி விழுந்த இடத்தில் களி அப்பளமாக ஏடு கட்டி, மறுநாள் வெயிலில் வெடிக்கும். நுண்மண் கரைந்து போனபின் சரளை மட்டும் மேலே துருத்தி நிற்கும். விரல் அகலத்தில் தொடங்கும் அரிப்பு, ஐப்பசி மழை முடிவதற்குள் ஆள் இறங்கும் பள்ளமாகும். கரைந்து போவது எங்கே போகிறது என்பதை வாலாஜா ஏரியிடம் கேட்கலாம். சுரங்க வண்டலால் தூர்ந்துபோன அந்த ஏரியை, சுரங்கத்தை நடத்தும் என்.எல்.சி. நிறுவனமே செலவு செய்து தூர்வார வேண்டிவந்தது.

இதோடு அனல்மின் நிலையச் சாம்பலும் சேர்கிறது. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியில் மற்ற இந்திய நிலக்கரியைவிடச் சாம்பல் குறைவு. ஆனால் அந்தச் சாம்பலில் சுண்ணாம்பு மிகுதி. தண்ணீர் பட்டால் தானாக இறுகும். சாம்பலைச் சுரங்கக் குழி நிரப்பவும் மண்மேட்டோடு சேர்க்கவும் மத்திய அரசின் சாம்பல் பயன்பாட்டு அறிவிக்கைகளே வழிவிடுகின்றன. அளவோடு கலந்தால் நல்லதுதான்: புளித்த செம்மண்ணின் அமிலத்தை அது முறிக்கும், மணலின் ஓட்டையை அடைக்கும். ஆனால் நெருப்பில் வெந்த பொருளில் தழைச்சத்து இருக்காது.

சாம்பலும் சரளையும் கலந்த மலைமண்ணில் புல் வளர்த்து மாடு மேய்ப்பது உலகத்துக்குப் புதிதல்ல. எரிமலை நாடுகள் அப்படித்தான் பிழைக்கின்றன. எரிமலைச் சாம்பலும் கண்ணாடித் துகள்தான். அனல்மின் நிலையச் சாம்பலும் கண்ணாடி உருண்டைகள்தான். நுண்ணோக்கியில் தூரத்து உறவு போலத் தெரியும். வேறுபாடு அதற்குப் பிறகு வருகிறது. ஈரமான மலைகளில் நூற்றாண்டுக் கணக்கில் வானிலை தின்றபின், எரிமலைக் கண்ணாடி உருவமற்ற ஒரு களியாக மாறுகிறது. அது இலைமட்கை இறுகப் பிடித்துக்கொள்ளும், தண்ணீரை உறிஞ்சிவைக்கும். அந்த மண் ஒரு கன சென்டிமீட்டருக்கு 0.9 கிராமுக்கு மேல் கனக்காது. சுரங்க மேடுகளில் அதே அளவு 1.6 கிராமைத் தாண்டுவது உலகெங்கும் காண்பதுதான். கனரக வண்டிகள் மிதித்து இறுக்கிய தரை அது. எரிமலைச் சரளையிலும் ஒரு சூட்சுமம் உண்டு. நுரைக்கல் என்பதால் உள்ளே துளைகள் நிறைந்து தண்ணீரைத் தேக்கும். செம்புராங்கல் சரளையிடம் அந்தத் தயவை எதிர்பார்க்க முடியாது. 'எரிமலைச் சாம்பலே பொன் விளையும் பூமியாகிறது, நம் சாம்பல் ஆகாதா' என்று மேடையில் பேசுபவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

ஆனால் அந்த மலைகளிடமிருந்து எடுத்துக்கொள்ளப் பாடம் இல்லாமலில்லை. அமெரிக்காவின் செயின்ட் ஹெலன்ஸ் மலை 1980 மே 18இல் வெடித்தபின், நுரைக்கல் மூடிய வெளியில் முதலில் காலூன்றியவற்றுள் ஒன்று காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்கும் லூப்பின் என்ற பயறினச் செடி. நம் ஊர்க் கொழிஞ்சிக்கு அது பங்காளி. அங்கே இன்னொரு வேலைக்காரனும் இருந்தான்: வளை தோண்டும் கோபர் எலி. சாம்பலுக்கு அடியில் உயிரோடிருந்த பழைய மண்ணை அது மேலே கொண்டுவந்து போட்டது. ஆய்வாளர்கள் 1983இல் சில எலிகளைப் பிடித்து, வேலியிட்ட சிறு பரப்புகளில் ஒரே ஒரு நாள் விட்டுப் பார்த்தார்கள். அந்தப் பரப்புகளின் நுண்ணுயிர் வளம் பல பத்தாண்டுகளுக்குப் பிறகும் சுற்றுப்புறத்திலிருந்து வேறுபட்டே இருந்தது.

நியூசிலாந்தின் கதை எச்சரிக்கை வகை. வடதீவின் நடுப்பகுதியில், சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன் டாப்போ எரிமலை கொட்டிய நுரைக்கல் நிலத்தில் குடியேறிகள் புல் விதைத்தார்கள். புல் செழித்தது, அதைத் தின்ற மாடும் ஆடும் எலும்பும் தோலுமாகிச் செத்தன. நோய் என்றார்கள், இரும்புச் சத்துக் குறை என்றார்கள். மண்ணில் கோபால்ட் மிகச் சொற்பம் என்பது 1930களில்தான் தெரிந்தது. பச்சையாகத் தெரிவதெல்லாம் தீவனம் ஆகிவிடாது. நெய்வேலியில் இதன் மறுபக்கத்தைக் கவனிக்க வேண்டும். அனல்மின் சாம்பல் சேர்ந்த நிலத்தில் மாலிப்டினம் கூடினால், அங்கே விளையும் பயறினத் தீவனத்தில் அது ஏறும். அதைத் தின்னும் மாட்டுக்குத் தாமிரச் சத்துப் பற்றாக்குறை வரும். போரான் மிகுந்தால் செடியே கருகும். ஆகவே மேய்ச்சலுக்கு முன் மண்ணை மட்டும் அல்ல, புல்லையும் மாட்டின் ரத்தத்தையும் சோதிக்க வேண்டும். கால்நடை மருத்துவத் துறைக்கு இது முடியாத காரியமல்ல.

மேய்ச்சலைப் பற்றி ஏன் இவ்வளவு பேச வேண்டும்? உச்ச நீதிமன்றமே பேசிவிட்டது. 2020 ஜனவரி 8இல் 'காமன் காஸ்' வழக்கில், அன்றைய தலைமை நீதிபதி எஸ்.ஏ.பாப்டே தலைமையிலான அமர்வு, சுரங்கம் முடிந்ததும் குத்தகைதாரர் அந்த நிலத்தில் மீண்டும் புல் வளர்த்து, தீவனமும் தாவரமும் விலங்கும் வாழத் தக்க நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்பதை நிபந்தனையாகச் சேர்க்க மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. சுற்றுச்சூழல் அமைச்சகம் அதே மாதம் சுற்றறிக்கையும் அனுப்பியது. நீதிமன்றம் மரத்தைச் சொல்லாமல் புல்லைச் சொன்னது தற்செயலோ என்னவோ, மண்ணியல்படி அது சரியான சொல்.

மரம் நடும்போது குழி வெட்டுவார்கள், குழிக்குள் நல்ல மண்ணும் எருவும் போடுவார்கள், இரண்டு கோடை தண்ணீர் ஊற்றுவார்கள். மரம் பிழைத்தால் அந்தக் குழி நன்றாக இருக்கிறது என்று பொருள். மேட்டைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. புல் அப்படி ஏமாற்றாது. பரப்பு முழுவதும் மண் உயிர்பெற்றால்தான் பரப்பு முழுவதும் புல் நிற்கும். சவுக்கும் தைலமரமும் வானத்திலிருந்து எடுத்த படத்தில் பச்சையாகத் தெரியும். தைலமரத்தடியில் ஆடு கடிக்க என்ன இருக்கிறது என்று ஆடு மேய்ப்பவரைக் கேட்டால் சிரிப்பார்.

என்.எல்.சி. ஒன்றுமே செய்யவில்லை என்பது நியாயமல்ல. பழுப்பு நிலக்கரியிலிருந்தே ஹியூமிக் அமிலம் எடுத்து மண்ணுக்கு ஊட்டமாக்கியிருக்கிறது; வேளாண் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து மீட்ட நிலத்தில் பயிர் செய்தும் பார்த்திருக்கிறது. கைவசம் அறிவு இருக்கிறது. குறை, எதை வெற்றி என்று எழுதுகிறோம் என்பதில். எத்தனை ஹெக்டேர், எத்தனை லட்சம் கன்று என்பதே கணக்காக இருக்கும்வரை, சரளையின் பங்கு எவ்வளவு, ஒரு மணி நேரத்தில் எத்தனை மில்லிமீட்டர் மழை உள்ளே இறங்குகிறது, ஐந்தாண்டில் கரிமம் எவ்வளவு கூடியது என்ற கேள்விகளை யாரும் கேட்கப்போவதில்லை.

கேட்கவைக்க ஒரு பிடி இருக்கிறது. நிலக்கரி அமைச்சகத்தின் நெறிமுறைப்படி, சுரங்கத்தை மூடும் செலவுக்காக நிறுவனங்கள் ஆண்டுதோறும் எஸ்க்ரோ எனும் நிபந்தனை வைப்புக் கணக்கில் பணம் கட்ட வேண்டும். மீட்புப் பணி நடந்ததைச் சரிபார்த்தபின் அதில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறலாம். அந்தச் சரிபார்ப்பில் மண்ணின் எடை, சரளை விகிதம், நீர் இறங்கும் வேகம், புல்லின் விளைச்சல் ஆகியவற்றைச் சேர்த்து, சுரங்கம் தொடாத பக்கத்து நிலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தபின் பணத்தை விடுவித்தால் போதும். மேல்மண்ணைத் தனியே எடுத்துவைக்க வேண்டும் என்று எந்தப் பொறியாளரிடமும் யாரும் இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருக்காது.

செய்யும் முறைக்கும் வெளியூர் போக வேண்டாம். சரிவின் குறுக்கே வெட்டிவேர் வரிசை. கடலூர்க் கடலோர மணலில் அதை விளைவிப்பவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். சமதளத்தில் கொழுக்கட்டைப் புல்லோடு முயல் மசாலும் கொழிஞ்சியும். இரண்டு மூன்று மழைக்காலம் கால்நடையை விடக்கூடாது. ஏடு கட்டிய சரிவைக் குளம்பு உடைத்தால் அரிப்பு கூடும். அதன்பின் கிடை மடக்கலாம். இரவில் ஆட்டைப் பட்டியில் அடைத்து, பட்டியை மாற்றி மாற்றிப் போட்டால் புழுக்கையும் மூத்திரமும் செயின்ட் ஹெலன்ஸில் எலிகள் செய்த வேலையை இங்கே செய்யும். கூடவே தழைச்சத்தும் சேரும். வேலை நடக்கும் மேட்டில் ஆள் நடமாட்டம் ஆபத்து என்று நிறுவனம் சொல்வது சரியான பேச்சு. இறுகி நிலைத்துவிட்ட பழைய மேடுகளுக்கும் அதையே சொல்வதுதான் இடிக்கிறது.

இழப்பீட்டுப் பேச்சு எப்போதும் பட்டா நிலத்தைச் சுற்றியே நடக்கிறது. 2023 ஜூலையில் நெய்வேலிக்கு அருகே வளையமாதேவியில் வாய்க்கால் வெட்டுவதற்காக என்.எல்.சி.யின் இயந்திரங்கள் நின்ற நெற்பயிரை அழித்தபோது, உயர் நீதிமன்றம் பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது. பயிருக்கு விலை போட முடிந்தது. வருவாய்த் துறைப் பதிவேட்டில் 'மேய்க்கால் புறம்போக்கு' என்றிருக்கும் நிலம் கைமாறும்போது யாருக்கும் காசோலை போவதில்லை. அது யார் பெயரிலும் இல்லை. பத்து ஆடு வைத்திருந்த, நிலமில்லாத வீடுகளின் பிழைப்பு அதில்தான் இருந்தது. பழைய மேட்டில் புல் நின்று, மேய்ச்சல் முறை வகுத்து, யாருக்கு உரிமை என்று பட்டியல் எழுத வேண்டிய நாள் வந்தால், அந்த வீடுகளை இழப்பீட்டுக் கோப்பில் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. கிராம சபையைக் கூட்டி, யார் யாருடைய ஆடு எங்கே மேய்ந்தது என்று வயதானவர்களைக் கேட்டு எழுத வேண்டும். அந்த வயதானவர்கள் இருக்கும்போதே எழுதிவைப்பது நல்லது.