லாடம் ஒன்றே குளம்பைக் காக்குமா?

நல்ல இரும்பு லாடமாகப் பார்த்து அடித்துவிட்டால், அது தேய்ந்தோ கழன்றோ போகும் வரையில் குதிரையின் காலைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை என்னும் அபிப்பிராயம் குதிரை வைத்திருப்போரிடையே நெடுங்காலமாக வேரூன்றி நிற்கிறது. வாயில்லாப் பிராணிக்குப் பெருந்தீங்கு விளைவிக்கும் கொள்கை இது. ஆதலின் இதற்கு ஆதாரமாகச் சொல்லப்படும் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்வது அவசியமாகிறது.

முதலாவது, குளம்பு உணர்ச்சியற்ற பொருள், அதற்கு என்ன நேர்ந்துவிடும் என்பது. வெளிச்சுவரைப் பொறுத்தமட்டில் இது மெய்யே. நம் விரல்நகத்தைப் போல அதுவும் வெட்டினால் வலிப்பதில்லை. ஆனால், அச்சுவருக்குள் இருக்கும் எலும்பைச் சுவரோடு பிணைத்து நிற்பவை இரத்தமும் உணர்ச்சியும் நிறைந்த நூற்றுக்கணக்கான மெல்லிய மடிப்புகள்; அவை வீங்கித் தளர்ந்துவிட்டால், குதிரை நிற்பதற்கே வேதனைப்படும். அடிப்புறத்தில் பின்னிருந்து முன்னோக்கிக் குவிந்து செல்லும் ஆப்பு வடிவப் பகுதியும் வீணானதன்று. கால் ஊன்றும்போதெல்லாம் அது அதிர்ச்சியைத் தாங்கி, இரத்தம் மேலேறவும் துணைபுரிகிறது. அதை மனம்போனபடி செதுக்கித் தள்ளுவது கேடு என்று பதினெட்டாம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு தேசத்துக் குதிரை வைத்தியர் லாஃபோஸ் வற்புறுத்தினார்.

இரண்டாவது, இரும்பு தேயாதவரையில் லாடத்தை மாற்ற வேண்டாம் என்பது. இரும்பு தேயாமலிருக்கலாம், குளம்பு வளராமலிருப்பதில்லை. மாதம் ஒன்றுக்கு 6 முதல் 10 மில்லிமீட்டர் வரை அது வளர்கிறது. லாடம் தடுத்து நிற்பதால், தரையில் உராய்ந்து தேயவும் வழியில்லை. முனை நீண்டு குளம்பு முன்னோக்கிச் சரியச் சரிய, காலின் பின்புறத் தசைநாண்கள் ஓயாமல் இழுபடுகின்றன. ஆகவே 6 முதல் 8 வாரங்களுக்கு ஒருமுறை லாடத்தைக் கழற்றி, வளர்ந்ததைச் சீவிச் சமன்செய்து, பழைய லாடமே நன்றாயிருப்பின் அதையே திரும்பவும் அடிப்பதுதான் முறை.

மூன்றாவது, லாடம் சற்றுச் சிறிதானாலும் குளம்பை அராவிப் பொருத்திவிடலாம் என்பது. தேர்ந்த லாடக்காரர் இரும்பைத்தான் குளம்புக்கேற்ப வளைப்பாரேயன்றி, குளம்பை இரும்புக்கேற்பக் குறைக்க மாட்டார். அவர் ஆணி அடிக்கும்போது அருகில் நின்று கவனித்தால் இதன் நுட்பம் விளங்கும். ஒருபுறம் சரிவாகத் தீட்டிய ஆணிமுனை, சுவரும் அடித்தளமும் கூடுமிடத்தில் தெரியும் வெள்ளைக்கோட்டுக்கு வெளியே புகுந்து, வெளிப்புறமாக வளைந்து, ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் உயரத்தில் சுவரைத் துளைத்துத் தலைகாட்ட வேண்டும். சுத்தியலின் ஒலி கணீரென்றிருக்கும்வரை ஆணி கெட்டியான சுவரில் செல்கிறது. ஒலி மந்தமானால் உயிர்ப்பகுதியை நெருங்குகிறதென்று உணர்ந்து, உடனே அதை உருவிவிடுவார். அராவி மெலிந்த சுவரில் இத்தகைய ஆணிக்கு இடமேது?

நான்காவது, லாடம் இருக்கையில் அடிப்புறத்தைச் சுத்தம் செய்வது அநாவசியம் என்பது. உண்மை இதற்கு நேர்மாறானது. லாடத்தின் உள்விளிம்பில் சாணமும் சேறும் கூழாங்கற்களும் அடைந்துகொள்கின்றன. நாள்தோறும் காலைத் தூக்கிப் பிடித்து, வளைந்த கொக்கியால் குதிகாலிலிருந்து முனை நோக்கிச் சுரண்டி எடுக்காவிட்டால், அந்த ஈரத்தில் ஆப்புப் பகுதியின் இருபுறத்துப் பள்ளங்களும் அழுகி, துர்நாற்றம் வீசும் கரிய கசிவு தோன்றும். லாயத்தின் தரை உலர்ந்திருக்க வேண்டுவதும் இதற்காகவே.

அங்ஙனமாயின் லாடமே வேண்டாமோ எனில், அதுவும் பிழை. ஆணி அடித்த லாடத்தை அறியாத பண்டைக் கிரேக்கருள் செனபோன் என்பவர், உருண்டைக் கற்கள் பரப்பிய தரையில் குதிரையை நிறுத்திக் குளம்பை உறுதியாக்கும்படி எழுதினார். மென்னிலத்தில் மேயும் குதிரைக்கு இன்றும் வெறுங்குளம்பே போதுமானதாயிருக்கலாம். கல்பாவிய சாலையில் நித்தமும் பாரம் இழுக்கும் குதிரைக்கோ, வளர்ச்சியை விஞ்சித் தேய்மானம் நிகழ்வதால், லாடம் இன்றியமையாதது. ஆயினும் தேய்வைத் தடுப்பதொன்றே அதனால் இயலும் காரியம். வளர்ச்சியைச் சீராக்குவதும் அழுகலை விலக்குவதும் அதன் சக்திக்கு அப்பாற்பட்டவை. குதிரையின் உழைப்பால் பயன் பெறுகிறவர், லாடம் அடித்த கூலியோடு தம் கடமை தீர்ந்ததென்று எண்ணாமல், அதன் நான்கு கால்களையும் தினந்தோறும் தம் கையாலேயே தூக்கிப் பார்க்கக் கடமைப்பட்டவராவார்.