இரண்டாவது ரேகை

"ரேகை விழலம்மா, இன்னொரு தடவ அழுத்துங்க." கொடைக்கானல் மலையில் செண்பகனூரிலோ பெருமாள்மலையிலோ சிம் விற்கும் கடையில் சற்று நேரம் நின்றால் இந்தப் பேச்சு காதில் விழாமல் போகாது. பெரும்பாலும் அது உண்மைதான். பூண்டு பிடுங்கி, கேரட் கழுவி, மண்ணில் புழங்கித் தேய்ந்த விரலைக் கருவி ஏற்பதில்லை. மார்கழிக் குளிரில் தோல் வெடித்திருந்தால் கேட்கவே வேண்டாம். விரல் சரியாக இருந்தாலும் பாதியில் சிக்னல் போய், ஆப் மறுபடி முதல் பக்கத்துக்கு வந்து நிற்கும். நேர்மையான கடைக்காரரும் இரண்டாம் முறை கேட்டுத்தான் ஆக வேண்டும்.

மோசடிக்காரனுக்கு இதுவே வசதியாகப் போயிற்று. முதல் அழுத்தலிலேயே ஆதார் சரிபார்ப்பு முடிந்திருக்கும். "விழல" என்று சொல்லி வாங்கும் அடுத்த ரேகையில் அதே பெயரில் இன்னொரு சிம் ஆக்டிவேட் ஆகும். ஒன்று வாடிக்கையாளர் கைக்குப் போகிறது, மற்றொன்று மேசை டிராயருக்கு. அங்கிருந்து கை மாறிக் கை மாறி, கம்போடியா, மியான்மர் மோசடிக் கூடங்கள் வரை இந்திய எண்கள் போய்ச் சேர்ந்த கதை நாடறிந்தது. ஆனால் போலீஸ் முதலில் வந்து நிற்பது, எண் யார் பெயரில் இருக்கிறதோ அவர் வீட்டு வாசலில்.

சட்டம் சும்மா இருக்கவில்லை. 2017-இல் எல்லா எண்ணையும் ஆதாரோடு இணைக்கச் சொன்னார்கள். 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2019-இல் சட்டம் திருத்தப்பட்டு, 2021-இல் விருப்பத்தின் பேரிலான ஆதார் சரிபார்ப்பு திரும்பி வந்தது. 2024 ஜனவரி முதல் காகிதப் படிவமே கிடையாது. விற்பனை முகவர் பதிவு 2023 டிசம்பரில் கட்டாயமானது. பதிவில்லாத முகவர் மூலம் விற்றால் நிறுவனத்துக்கு 10 லட்சம் ரூபாய் அபராதம், தப்பு செய்த முகவருக்கு மூன்று ஆண்டு கறுப்புப் பட்டியல். ஏமாற்றியோ ஆள்மாறாட்டம் செய்தோ சிம் பெற்றால் 2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டப்படி மூன்று ஆண்டு வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். முகவர் பதிவு விதிகளை அறிவித்த 2023 ஆகஸ்டிலேயே 52 லட்சம் இணைப்புகளைத் துண்டித்ததாகவும் 67,000 டீலர்களைக் கறுப்புப் பட்டியலில் சேர்த்ததாகவும் மத்திய அரசு சொன்னது. அந்த 67,000 பேரும் சிம் விற்கும் நம் தொழிலில் இருந்தவர்கள்தான்.

அவர்களைப் பிடிக்க உதவிய கருவி 'அஸ்டர்'. படிவங்களில் உள்ள முகங்களை ஒப்பிட்டு, ஒரே முகம் வெவ்வேறு பெயர்களில் வருகிறதா என்று அது தேடுகிறது. விஜயவாடாவில் ஒரே புகைப்படத்தில் 658 சிம்கள் வாங்கியது அப்படித்தான் வெளியே வந்தது. ஆனால் இரண்டாவது ரேகையில் பிறக்கும் சிம்மில் பெயர் அசல், ஆதார் அசல், ஆளும் அசல். ஒருவருக்கு ஒன்பது என்ற வரம்பையும் அது தாண்டுவதில்லை. கருவியின் பார்வையில் அந்த அம்மா இரண்டு சிம் வாங்கியிருக்கிறார், அவ்வளவே. இதைத் தடுக்கக்கூடிய ஒரே ஆள் கடையில் உட்கார்ந்திருப்பவர்.

ரேகை விழவில்லையென்றால் மீண்டும் மீண்டும் அழுத்தச் சொல்ல வேண்டிய கட்டாயம் இப்போது இல்லை. கருவிழிக்கு முன்பே அனுமதி உண்டு. 2023 மாற்றங்களில் முகம் வழிச் சரிபார்ப்பும் சேர்ந்துவிட்டது. அதுவும் சரிவராவிட்டால் டிஜிட்டல் கே.ஒய்.சி. இருக்கிறது. அதில் ஆளையும் அசல் ஆவணத்தையும் கடையிலேயே படம் எடுக்க வேண்டும். படத்தின் மேலேயே இடம், நேரம், கடையின் குறியீடு எல்லாம் பதிந்துவிடும். வாடிக்கையாளரின் கையெழுத்துக்குப் பதில் மாற்று எண்ணுக்கு ஓ.டி.பி. வரும். மலைக்கிராமத்து வீட்டில் இருக்கிற ஒரே போன் வேலைக்குப் போனவர் பையில் இருக்கும். அவசரத்துக்கு என்று கடைக்காரர் தன் எண்ணையே போட்டுவிடுகிறார். அதற்கு அனுமதி இல்லை. உறவினர், தெரிந்தவர் எண்ணைப் போடலாம். வீட்டுக்காரருக்குப் போன் போட்டு ஓ.டி.பி. கேட்க இரண்டு நிமிடம் கூடுதலாகும், ஆகட்டும்.

இரண்டாம் முறை அழுத்தச் சொல்லத்தான் வேண்டுமென்றால், திரையை வாடிக்கையாளர் பக்கம் திருப்பி, முதல் முயற்சி தோற்றதைக் காட்டிவிட்டுக் கேளுங்கள். படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துச் சொல்லுங்கள். வரும் வாடிக்கையாளர் போனிலேயே 'சஞ்சார் சாத்தி' தளத்தைத் திறந்து, அவர் பெயரில் எத்தனை எண் ஓடுகிறது என்று பார்த்துக் கொடுங்கள். எண்ணும் ஓ.டி.பி.யும் போதும். தெரியாத எண் இருந்தால் 'இது என் எண் அல்ல' என்று அங்கேயே புகார் செய்யலாம். 2023 மே மாதம் முதல் இயங்கும் தளம் இது. நம் கடைகள் சொல்லாமல் பூம்பாறை, மன்னவனூர் போன்ற மலைக்கிராமங்களுக்கு இது எப்படிப் போய்ச் சேரும்?

டிஸ்ட்ரிபியூட்டர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். மாதக் கடைசியில் "இன்னும் இருபது ஆக்டிவேஷன் பாக்கி" என்று நெருக்கினால், சந்தை நாளில் குடை போட்டு விற்கும் பையன் என்ன செய்வான்? அவனை மட்டும் திருடன் என்று சொல்வது நியாயமல்ல. ஆக்டிவேஷன் எண்ணிக்கைக்கு டார்கெட் வைப்பதை விடுங்கள். மூன்று மாதம் கழித்தும் அதே ஆள் ரீசார்ஜ் செய்கிற எண்ணுக்குக் கமிஷனைக் கூட்டிக் கொடுங்கள்.